குன்றிமணியும் வெறுங்குழியும்: பல்லாங்குழி விதிகளில் ஒரு பொன் கணக்கு

1. கேள்வி

பல்லாங்குழி எதைப் பற்றிய ஆட்டம்? நம்மிடம் ஆயத்தமாக இருக்கும் விடை, விதைப்பு என்பது. நிலத்தில் குழி பறிக்கிறோம், குழிக்கு ஒன்றாக வித்து இடுகிறோம், வரிசை முடிந்ததும் திரும்புகிறோம், நிறைந்ததை அள்ளுகிறோம். உழவரின் கையசைவு இதில் தெரிவதால் உலகெங்கும் ஆடப்படும் இவ்வகை ஆட்டங்களை விதைப்பு ஆட்டங்கள் என்றே ஆய்வாளர் அழைக்கின்றனர்.

இக்கட்டுரை அந்த விடையை ஐயுறுகிறது. கையசைவை ஒதுக்கிவைத்து விதிகளை மட்டும் பார்த்தால், இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் இவ்வாட்டம் பயிர்ச்செய்கையைவிடப் பொன் தேடுவதற்கும், தேடிய பொன்னைக் கணக்கில் வைப்பதற்குமே நெருக்கமானது என்பது என் வாதம். இதனைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து எழுதுகிறேன். இந்த ஆட்டம் இங்கே தோன்றியது என்று நான் சொல்லவரவில்லை. பொன் தோண்டப்படாத, ஆனால் கடல்வழி பொன் வந்து இறங்கிய ஓர் ஊரில் இவ்விதிகள் எப்படிப் பொருள்படுகின்றன என்பதே இங்கு எடுத்துக்கொண்ட சிக்கல்.

2. இதுவரையான வாசிப்புகள்

இலங்கையின் பலகை ஆட்டங்களை விரிவாகப் பதிவுசெய்தவர் ஹென்றி பாக்கர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த அவர், பண்டைய இலங்கை பற்றி 1909இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சிங்களப் பெண்கள் ஆடும் ஒலிந்த கெளியவை அதன் விதிகளோடு எழுதினார். ஒலிந்த என்பது நமது குன்றிமணி. ஆட்டம் காயின் பெயராலேயே அழைக்கப்படுகிறது என்பதைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். பாக்கருக்கு முன்பே 1890களில் அமெரிக்கரான ஸ்ரூவர்ட் குலின் இவ்வகை ஆட்டத்தை ஆப்பிரிக்காவின் தேசிய ஆட்டம் என்று தலைப்பிட்டு ஆராய்ந்தார். எச்.ஜே.ஆர். மறே 1952இல் சதுரங்கம் தவிர்ந்த பலகை ஆட்டங்களின் வரலாற்றை எழுதியபோது உலகின் குழியாட்டங்களை வகைபிரித்தார். இவர்களில் குலினும் மறேயும் பெரிதும் அக்கறை கொண்டது ஆட்டம் எங்கிருந்து எங்கே போனது என்பதில். ஆடுகிறவர் என்ன செய்கிறார் என்ற கேள்வி அவர்களிடம் பின்னுக்குப் போயிற்று.

தமிழில் தாயம்மாள் அறவாணன் இவ்வாட்டத்தைத் திராவிட, ஆப்பிரிக்க ஒப்பீடாக ஆராய்ந்தார். ஆயினும் விதிகளுக்குள் இறங்கிப் பொருள் தேடியவர் தொ. பரமசிவன்தான். 'அறியப்படாத தமிழகம்' நூலில் அவர் பல்லாங்குழியைத் தனிச்சொத்துரிமையின் தோற்றத்தோடு இணைத்தார். தொடக்கத்தில் இருவருக்கும் சம அளவு காய். ஆடஆட ஒருவர் கையில் குவிகிறது, மற்றவர் குழி வெறுமையாகிறது. இனக்குழுச் சமத்துவம் குலைந்த கதையை இதில் அவர் கண்டார். தமிழில் இவ்வாட்டம் பற்றி எழுதப்பட்டவற்றுள் கூர்மையான வாசிப்பு இதுவே. என் வாதமும் அதன் தோளில் நின்றே தொடங்குகிறது. ஆனால் சொத்து என்றால் எந்தச் சொத்து? நிலமா, மாடா, நெல்லா, பொன்னா? அந்த வேறுபாட்டை விதிகள் சொல்கின்றன.

பதிவுகளின் குறையையும் இங்கே சொல்லவேண்டும். பாக்கர் போன்ற அலுவலர்கள் ஆண்கள். ஆடியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதுவும் பூப்படைந்து தனித்திருந்த சிறுமியரும் பிள்ளைத்தாய்ச்சிகளும். அருங்காட்சியகத்துக்குப் போனவை செதுக்கு வேலைப்பாடுள்ள மரப்பலகைகள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மூதூரிலும் மணலில் விரலால் பறித்த குழி மறுநாள் காற்றில் மூடிவிடும். கரையோர ஊர்களின் ஆட்டம் ஏட்டில் மெலிந்திருப்பதற்குக் காரணம் அங்கே ஆட்டம் மெலிந்திருந்தது அல்ல. அது தடயம் விடாத தரையில் ஆடப்பட்டது என்பதே.

3. விதிகள்: ஒரு தொடக்க ஆட்டம்

பாண்டி என்ற பெயரில் இதற்குப் பல வகைகள் உண்டு: பசுப்பாண்டி, கட்டுப்பாண்டி, எதிர்ப்பாண்டி, ராஜபாண்டி, காசிப்பாண்டி. அசோகவனத்தில் சீதை தனித்திருந்து ஆடியதாகச் சொல்லப்படும் சீதைப்பாண்டியும் உண்டு. நான் எடுத்துக்கொள்வது பசு விதியோடு கூடிய, பரவலாக ஆடப்படும் வகை.

எதிரெதிர் இரு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, மொத்தம் பதினான்கு. குழிக்கு ஐந்து காய் வீதம் எழுபது. ஆடுபவர் தன் பக்கத்துக் குழி ஒன்றை முழுவதும் அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒன்றொன்றாக இட்டுச் செல்வார். கடைசிக் காய் விழுந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் ஓட்டம் நிற்கும். அப்போது அந்த வெறுங்குழியை விரலால் வழித்துவிட்டு, அதற்கு அப்பால் உள்ள குழியின் காய்கள் அனைத்தையும் எடுத்துக்கொள்வார். அப்பாலும் வெறுமை என்றால் கைக்கு ஒன்றும் இல்லை. முறை எதிராளிக்குப் போகும். இதற்கிடையே எந்தக் குழியிலாவது காய் நான்காகச் சேர்ந்தால் அது பசு. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார்.

இதை ஆடிப் பார்ப்போம். குழிகளுக்கு ஒன்று முதல் பதினான்கு வரை சுற்றுவரிசையில் எண் கொடுத்துக்கொள்க. முதற்குழியின் ஐந்தை அள்ளி இட்டால் கடைசிக் காய் ஆறாம் குழியில் விழும். ஏழாம் குழியின் ஐந்தை அள்ளினால் பன்னிரண்டில் முடியும். பதின்மூன்றின் ஐந்து நான்காம் குழியில் முடியும். அடுத்த ஐந்தாம் குழியில் இப்போது ஆறு. அவை பதினொன்றில் முடியும். பன்னிரண்டாம் குழியின் ஆறு மீண்டும் நான்காம் குழியில் முடியும். அடுத்தது ஐந்தாம் குழி. அது சற்றுமுன் நாமே அள்ளிய குழி, வெறுமையாகக் கிடக்கிறது. அதை வழித்துவிட்டு ஆறாம் குழியைப் பார்த்தால் ஏழு காய். அந்த ஏழும் நமக்கு. எல்லாக் குழியிலும் தொடக்கத்தில் சம அளவே இருப்பதால், எந்தக் குழியில் தொடங்கினாலும் முதல் ஆட்டத்தின் பேறு ஏழுதான்.

இந்த ஓட்டத்தில் ஐந்து முறை அள்ளினோம். ஐந்து முறையும் அள்ளியதில் ஒன்றுகூட நம் கணக்கில் சேரவில்லை. அனைத்தையும் குழிகளிலேயே போட்டுவிட்டோம். சேர்ந்தது வெறுங்குழிக்கு அப்பால் கிடைத்தது மட்டும். நிறைந்த குழி வேலையைக் கொடுக்கிறது, வெறுங்குழிதான் பேற்றைக் கொடுக்கிறது. இந்த விதிதான் பல்லாங்குழியின் உயிர்நிலை என்பேன்.

4. விதைப்பு வாசிப்பு எங்கே பொருந்தவில்லை

உழவில் ஒரு நெல் பல நெல்லாகிறது. தம்பலகாமத்து வயலில் விதைத்தவர் விதைத்த அளவையே திரும்ப அறுத்தால் அதை விளைச்சல் என்று எவரும் சொல்லமாட்டார். பல்லாங்குழியிலோ எழுபது எப்போதும் எழுபதுதான். ஒருவருக்கு ஏறினால் மற்றவருக்கு இறங்கும். வளராத செல்வம், கைமாறும் செல்வம் இது. பொன் அப்படிப்பட்டது. உருக்கலாம், அடிக்கலாம், சங்கிலியைக் காப்பாக மாற்றலாம், எடை கூடாது.

அடுத்தது, பேறு கிடைக்கும் இடம். எந்த உழவரும் தரிசு கண்ட இடத்தில் நின்று அதற்கு அப்பால் இருப்பதை அறுப்பதில்லை. மண்ணுக்குள் உலோகம் தேடுகிறவர் செய்வது அதுதான். குழி பறிப்பார், ஒன்றும் இராது, அடுத்ததைப் பறிப்பார். அடுத்ததும் பொய்த்தால் அன்றைய வேலை வீண். இரண்டு வெறுங்குழி அடுத்தடுத்து வந்தால் முறை போய்விடும் என்ற விதி இந்த அனுபவத்தின் மொழியில் பேசுகிறது.

மலாய் நாடுகளின் சொங்காக் ஆட்டத்தோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதில் பலகையின் இரு முனையிலும் பெரிய களஞ்சியக் குழிகள் உண்டு. ஆடுபவர் சுற்றி வரும்போதே தன் களஞ்சியத்தில் ஒரு காய் இட்டுச் செல்வார். உழைத்த ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரவு அதில் நிச்சயம். நாம் மேலே ஆடிய வகையில் அந்த வரவு கிடையாது. கண்டெடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. விதைப்பு என்ற பெயர் சொங்காக்குக்கு ஓரளவு பொருந்தும், பல்லாங்குழிக்குப் பொருந்தவில்லை.

பசு விதி இந்த வாதத்துக்கு இடறாக வரும். ஒன்று, இரண்டு, மூன்று என ஏறி நான்கில் பசுவாவது வளர்ச்சி அல்லவா? அதுவும் எதிராளி இட்ட காயால் என் குழி நிறைந்தால்கூட எனக்கே உரியது அல்லவா? மறுக்கவில்லை. ஆனால் பசு என்பது நம் பழைய ஆவணங்களில் எவ்வகைச் செல்வமாக இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு விடப்பட்ட கால்நடை சாவா மூவா எனக் குறிக்கப்படும். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் அதைப் பொறுப்பேற்றவர் எண்ணிக்கையைக் குறைய விடக்கூடாது. அங்கே கால்நடை எண்ணிக்கை மாறாத ஒரு முதல். திருகோணமலை நகருக்கு வடமேற்கே பெரியகுளம் அருகில், சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற வெல்கம் விகாரையின் தமிழ்க் கல்வெட்டுகளும் விளக்குக்காகப் பசுக்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கின்றன. பௌத்தப் பள்ளி ஒன்றுக்குத் தமிழர் பசு கொடுத்த இடம் அது. ஆகவே ஆட்டத்தில் பசு என்ற பெயர் வருவதால் மட்டும் அது மேய்ச்சல் நிலத்தையோ உழவையோ சுட்டுகிறது என்று முடிவுகட்ட முடியாது. அது எண்ணி வைத்த செல்வமாகவும் இருக்கலாம்.

5. காய்களின் சாட்சி

பல்லாங்குழிக்குக் காயாகப் பயன்பட்டவை குன்றிமணி, மஞ்சாடி, சோழி, புளியங்கொட்டை. இவற்றுள் முதல் மூன்றும் பணத்தோடும் பொன்னோடும் தொடர்புடையவை.

குன்றிமணி பொன் நிறுக்கும் எடை. செம்மணியின் ஒரு முனையில் கறுப்புப் பொட்டு. உலர்ந்தபின் அளவு எளிதில் மாறாத கடினமான ஓடு. ஒரு மணிக்கு ஏறக்குறைய 0.12 கிராம். பத்தர்மார் தராசின் ஒரு தட்டில் இதை இட்டுத்தான் மறுதட்டில் பொன் பொடியை நிறுத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. சோழர் கணக்கில் இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. அதாவது கழஞ்சுப் பொன் நாற்பது குன்றிமணி, ஐந்து கிராமுக்குச் சற்றே குறைவு. சோழியோ மாலைதீவிலிருந்து கப்பலேறி இந்து சமுத்திரக் கரையெங்கும் சில்லறைக் காசாகப் புழங்கியது. ஒல்லாந்தர் காலத்தில் காலித் துறைமுகம் அதன் பெரிய சந்தைகளில் ஒன்று.

எழுபது குன்றிமணியை நிறுத்தால் எட்டரைக் கிராம் அளவு வரும். இன்று இலங்கையில் ஒரு பவுண் எட்டுக் கிராம். பலகை நிறைந்த காய் ஏறத்தாழ ஒரு பவுண் என்ற இந்த ஒற்றுமை வியப்பூட்டும். ஆனால் பவுண் கணக்கு பிரித்தானிய நாணயத்தோடு 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆட்டம் அதற்கு முந்தியது. எனவே இதைச் சான்றாகக் கொள்ளக்கூடாது. கைக்கு எட்டிய ஒற்றுமையையெல்லாம் சான்றாக்கும் பழக்கத்தால் நாட்டார் வழக்காற்றியல் பட்ட சேதம் போதும்.

சான்றாகக் கொள்ளத்தக்கது வேறு. தங்கம் நிறுக்கும் அதே மணி, வீட்டின் உள்ளறையில் பெண்ணின் கையில் ஆட்டக் காயாகிறது. எண்ணிப் பழகும் சிறுமி, பின்னாளில் தன் தாலிக்கொடியும் காப்பும் எத்தனை எடை என்று கேட்டுக்கொள்ளவேண்டிய அளவையையே கையாண்டு பழகுகிறாள். சிங்களத்தில் ஆட்டத்துக்கே அந்த மணியின் பெயர் நிலைத்தது. இரு மொழியினரும் ஒரே காயைத் தேர்ந்தார்கள் என்பதைத் தற்செயல் என ஒதுக்குவது எளிதல்ல.

எதிர்ச் சான்றும் உண்டு. புளியங்கொட்டை எந்தக் காலத்திலும் பொன் நிறுக்கவில்லை. கிடைத்தது அது, அதனால் ஆடினார்கள். மேலும் தமிழ் எடைவாய்பாட்டில் குன்றிமணிக்கும் அடியில் இருப்பது நெல். நான்கு நெல் எடை ஒரு குன்றிமணி. பொன்னின் கணக்கே வயலிலிருந்து தொடங்குகிறது என்றால், விதைப்பையும் பொன்னையும் கத்தி வைத்து அறுத்தாற்போலப் பிரிப்பது சரியாகாது. என் வாதத்தின் எல்லையை இது சுருக்குகிறது. காய்கள் பொன்னை நோக்கிச் சாய்கின்றன என்று சொல்லலாம். பொன்னையே குறிக்கின்றன என்று சொல்ல முடியாது.

6. துறைமுகமும் பொன்னும்

திருகோணமலை மாவட்டத்து மண்ணில் கனிமம் இல்லாமல் இல்லை. புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன் கலந்த கனிம மணல் உண்டு. சேருவிலையில் செம்பும் காந்த இரும்புத்தாதும் சேர்ந்த படிவை 1970களின் தொடக்கத்தில் புவிச்சரிதவியலாளர் கண்டனர். பொன் சுரங்கம் கிடையாது. இவ்வூருக்குப் பொன் கடலால் வந்தது. வணிகத்தால், காணிக்கையால், சீதனத்தால் கைமாறியது.

புதைந்த செல்வம் பற்றிய நினைவோ இங்கு ஆழமானது. 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கல்லால் கோட்டை எழுப்பினர். 1950இல் கோட்டைப் பகுதிக்கு அண்மையில் கிணறு தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. தேடியது தண்ணீர், கிடைத்தது தெய்வம். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அக்கோயில் நின்ற சுவாமிமலை அடிவாரக் கடலில் மூழ்கி இடிபாடுகளைக் கண்டனர். ஒரு குழி வெறுமை, அடுத்ததில் நிறைவு என்ற எதிர்பார்ப்பை இவ்வூர் மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆயினும் என் வாதத்துக்குப் புதையலைவிட அடைவுதான் முக்கியம். வாடைக்காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்போது தொழில் படுக்கும். வீட்டுப் பொன் அடைவுக்குப் போகும். கடல் அடங்கித் தொழில் எழும்பியதும் மீட்கப்படும். கரையோரக் குடும்பங்களில் தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி இதைக் காணலாம். இடப்பெயர்வின்போது நிலமும் வீடும் தோணியும் பின்னால் நின்றன. உடம்பில் இருந்த பொன்தான் கூட வந்தது. 2006இல் சம்பூரிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு நிலம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல். அவ்வளவு காலம் பல வீடுகளைத் தாங்கியது எது என்று கேட்டால், பெண்களின் நகையையும் கூலி வேலையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பல்லாங்குழியின் இரண்டாம் சுற்றை இப்பின்னணியில் பாருங்கள். முதற் சுற்றில் ஒருவர் நாற்பத்தேழு, மற்றவர் இருபத்துமூன்று எடுத்தார் என்று வைப்போம். முன்னவர் தன் ஏழு குழியையும் ஐந்தைந்தால் நிரப்பிப் பன்னிரண்டைக் கையில் வைத்திருப்பார். மற்றவரால் நான்கு குழியைத்தான் நிரப்ப முடியும், மூன்று எஞ்சும். அவருடைய மூன்று குழிகள் இந்தச் சுற்றில் மூடப்படும். அவற்றில் எவரும் காய் இடமாட்டார். ஆனால் அவை பறிபோகவில்லை. இந்தச் சுற்றில் இருபத்தைந்து சேர்த்தால் ஒரு குழி திறக்கும், முப்பது சேர்த்தால் இரண்டு. குழி அவருடையதாகவே இருக்கிறது. அதை ஆளும் உரிமை மட்டும் தற்காலிகமாக நின்றிருக்கிறது. ஐந்து காய்க்கும் வழியற்றுப் போனால்தான் முழுத் தோல்வி.

தொ. பரமசிவனின் வாசிப்பிலிருந்து நான் விலகுவது இங்கேதான். சமத்துவம் குலைகிறது என்பது சரி. ஆனால் குலைந்ததோடு ஆட்டம் முடியவில்லை. இழந்தவர் மீட்டெடுக்க விதி நீண்ட அவகாசம் தருகிறது. நிலவுடைமையில் இந்த மீட்பு அரிது. பொன்னுடைமையில் அது ஆண்டுதோறும் நடக்கிறது. பெண்களின் கையில் இருந்த சொத்து பெரும்பாலும் பொன்தான் என்பதையும், ஆட்டம் பெண்களுடையது என்பதையும் சேர்த்து எண்ணினால், விதிகளின் உலகம் வயலைவிட நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

7. ஒரு வலுவான மறுப்பு

பொன் தேடல் என்ற வாசிப்புக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான மறுப்பு இது: தேடலில் மறைவு உண்டு, பல்லாங்குழியில் எதுவும் மறைந்திருப்பதில்லை. பதினான்கு குழியும் கண்முன் திறந்தே கிடக்கின்றன. தாயக்கட்டை இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. எண்ணத் தெரிந்தவர் ஓட்டம் எங்கே நிற்கும் என்று அள்ளுமுன்பே சொல்லிவிடலாம்.

இம்மறுப்பை ஏற்கிறேன். நிலத்தைத் தோண்டித் தேடும் தேடல் இது அல்ல. கணக்கைத் தோண்டித் தேடுவது. செல்வம் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், எந்த வழியாகப் போனால் அது நம் கைக்கு வரும் என்பதுதான் மறைந்திருக்கிறது. அள்ளுகிற குழி ஒன்று மாறினால் ஓட்டம் முழுதும் மாறிவிடும். ஐந்தாறு சுற்றை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பவருக்கே வெறுங்குழியின் இடம் தெரியும். ஆகவே 'பொன் தேடல்' என்பதைக் காட்டிலும் 'பொன் கணக்கு' என்பதே பொருத்தமான பெயர். இக்கட்டுரைத் தலைப்பில் அதையே வைத்திருக்கிறேன்.

8. இனிச் செய்யவேண்டியது

இந்த வாசிப்பைச் சோதிக்க ஏடுகள் போதா, ஆடுகிறவர்கள் வேண்டும். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், சம்பூர், நிலாவெளி ஊர்களில் எழுபது, எண்பது வயதுப் பெண்கள் இன்னும் விதிகளைக் கையில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் விதியைச் சொல்லுங்கள் என்று கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். கூட உட்கார்ந்து ஆடவேண்டும். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள், பசு யாருக்குப் போகிறது, எதிர்க்குழியும் சேர்த்து எடுக்கிறார்களா, மூடிய குழிக்கு என்ன பெயர், கடன் கொடுத்து ஆட்டத்தைத் தொடர்வதுண்டா என்பவற்றை ஆட்டத்தின் நடுவில் குறித்துக்கொள்ளவேண்டும். என்ன காயால் ஆடினார்கள் என்பதையும், அக்காய் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்காமல் கேட்கவேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகளின் விதிகளை ஒரே மாவட்டத்துக்குள் அருகருகே வைத்து ஒப்பிட இதைவிட வாய்ப்பான இடம் இலங்கையில் அதிகம் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பாதையிலேயே இருக்கிறது. அதன் மாணவர்கள் பலரின் அம்மம்மாமார் இந்த ஆட்டக்காரர்கள். அடுத்த விடுமுறைக்கு வீடு போகும்போது ஒரு குறிப்பேட்டையும் எழுபது குன்றிமணியையும் எடுத்துச் செல்லுங்கள்.